குடிமகனின் கத்தி: கடாரத் தமிழ் ஆடவரின் மயிர்நீக்க வரலாறு

மயிர் என்பது தமிழில் பழமையான சொல், இழிவில்லாத சொல். தம் நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று உதிர்ந்த மயிரை உவமை காட்டினார் திருவள்ளுவர். மானம் போனால் உயிர் வாழாதவருக்கு, மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை உவமையாக்கினார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திலோ, உலகம் பழிப்பதை ஒருவன் விட்டொழித்தால் தலையை மழிப்பதும் வேண்டியதில்லை, சடையை நீட்டுவதும் வேண்டியதில்லை என்றார். இம்மூன்று இடங்களிலும் மயிர் உடலின் ஒரு கூறாக மட்டும் நிற்கவில்லை. மனிதனின் மதிப்பை அளக்கும் கோலாகவும் நிற்கிறது. இன்று கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர் இக்குறட்பாக்களை உரக்கப் படித்தால் பின்வரிசையில் சிரிப்பொலி எழும். நல்ல சொல் ஒன்று வசைச்சொல்லாகத் தாழ்ந்த கதை அது. அச்சொல்லோடு சேர்ந்து தாழ்த்தப்பட்ட ஒரு தொழிலின் கதையும் உண்டு.

தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் அவர்களின் கூலியை எழுதினர்; கள்ளுக்கடையை எழுதினர்; வேலைநிறுத்தங்களை எழுதினர். அவர்கள் எங்கே அமர்ந்து சவரம் செய்துகொண்டனர், அதைச் செய்தவர் யார், அவர் எங்கே குடியிருந்தார் என்பனவற்றை எழுதியோர் மிகச் சிலரே. இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் இளைஞர்கள் மார்பிலும் முதுகிலும் கன்னத்திலும் உள்ள மயிரை "நிரந்தரமாக" நீக்கிக்கொள்ள அழகு நிலையங்களை நாடுகின்றனர். அந்த 'நிரந்தரம்' என்னும் சொல்லின் பொருளை உணர வேண்டுமாயின், நிரந்தரமற்ற சவரத்தின் வரலாற்றை முதலில் அறிதல் நலம்.

உடல் மயிரைக் களைவது ஆடவர்க்குப் புதிய நாகரிகம் அன்று. சமண முனிவர் கத்தியைத் தொடாமல் தம் தலைமயிரைக் கையாலேயே பறித்தெடுத்தனர். துறவின் உறுதிக்கு அது சோதனை. அப்பரும் சம்பந்தரும் தம் பாடல்களில் இவ்வழக்கத்தை எள்ளியதைத் தேவாரம் பயின்றோர் அறிவர். மருத்துவத்திலும் இதற்கு இடமிருந்தது. சுசுருதரின் வடமொழி நூல் புண்ணுக்குச் செய்யவேண்டிய அறுபது செய்கைகளுள் மயிர் நீக்குதலையும் ஒன்றாக எண்ணுகிறது. சங்குப் பொடியையும் அரிதாரத்தையும் புளித்த நீரில் குழைத்துப் பூசும் முறை அதில் கூறப்படுகிறது. அரிதாரம் என்பது கந்தகமும் ஆர்செனிக்கும் கலந்த மஞ்சள் நிறத் தாது. அது சுண்ணத்தோடு சேரும்போது மயிரின் புரதம் இளகிக் கரைகிறது. இன்று கடையில் விற்கும் மயிர்நீக்கிக் களிம்பிலும் காரமும் கந்தகச் சேர்மமுமே வேலை செய்கின்றன. நச்சுத் தாது மட்டுமே நீங்கியிருக்கிறது. ஆயினும் பழைய பூச்சும் புதிய களிம்பும் தோலுக்கு மேலே உள்ளதைத்தான் கரைக்கும். வேர் கீழே இருக்கும். சில நாளில் மீண்டும் முளைக்கும்.

தமிழகத்தில் இப்பணி நாவிதருக்கு உரியதாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் பணியாளர் பட்டியலில் நாவிசம் செய்வாரும் பங்கு பெற்றுள்ளனர். அக்கோயிலை எடுப்பித்த இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வென்ற நாடுகளுள் கடாரமும் ஒன்று. குனோங் ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் அடித்தளங்களைக் காணும் மாணவர் மன்னரையும் வணிகரையும் நினைவுகூர்வர். கடற்பயணத்தில் வணிகருக்கு முகம் மழித்தவனைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் கூறவில்லை. கூறுவது கல்வெட்டின் வேலையும் அன்று.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழர் மீண்டும் பெருந்திரளாகக் கடாரத்துக்கு வந்தனர். இம்முறை வாளோடு அன்று, பால்வெட்டும் உளியோடு. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியரின் மேலாண்மைக்கு மாறியது. அதன்பின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களிலிருந்து கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். அவர்களைப் புலாவ் ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையம் எதிர்கொண்டது. அங்கிருந்து கங்காணியின் பின்னே பீடோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பாலிங்குக்கும் சென்றனர். கங்காணி தன் ஊராரை அழைத்து வந்தபோது ஊரின் அமைப்பையும் கூடவே கொண்டுவந்தான். சலவை செய்வோரும் வந்தனர். சவரம் செய்வோரும் வந்தனர். பலர் பால்வெட்டுக் கூலிகளாகப் பதிவாகி, ஓய்வு நேரத்தில் தம் குலத்தொழிலைச் செய்தனர்.

நாவிதரின் கைப்பைக்கு அடைப்பம் என்று பெயர். சவரக்கத்தி, அதைத் தீட்டும் சாணைக்கல், தோல்வார், நீர்க்கிண்ணி, கத்தரி, நகம் எடுக்கும் சிற்றுளி, காயத்தில் தடவப் படிகாரக் கட்டி ஆகியவை அதில் அடங்கும். வேலையற்ற நாளில் லயத்தின் ஓரத்து மரநிழலில் அடைப்பம் விரிக்கப்படும். முகச்சவரம், தலைமுடி வெட்டு, அக்குள் சவரம் என்று வரிசையாக ஆடவர் அமர்வர். திருமணத்துக்கு முன்னும் நேர்த்திக்கடனுக்கு முன்னும் செய்யப்படும் முழுச் சவரத்துக்குச் 'சர்வாங்க சவரம்' என்று பெயர். கழுத்துக்குக் கீழ் உள்ள மயிரையும் களைவது ஆடவர்க்கு நாணத்தக்கதாகக் கருதப்படவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்று. இன்றைய இளைஞர் மேனாட்டுத் திரைப்படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக முதியோர் குறைகூறும் வழக்கத்தை அவர்தம் பாட்டனார் மரநிழலில் அமர்ந்து செய்துகொண்டிருந்தார்.

தோட்ட வேலையும் இவ்வழக்கத்துக்குக் காரணம் தந்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் விடியற்காலை தொடங்கிப் பால்வெட்டுபவனுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் வியர்வை தங்கும். தங்கிய இடத்தில் சொறியும் படையும் தோன்றும். மயிரைக் களைந்தால் கழுவுவது எளிது. இரப்பர்ப் பாலுக்கு வேறொரு குணமும் உண்டு. முன்கையில் பட்ட பால் உறைந்தால் மயிரோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்கும்போது மயிரும் வேரோடு பிடுங்கப்பட்டு வரும். மேனாட்டார் மெழுகு பூசிப் பணம் கொடுத்துச் செய்துகொள்வதைத் தோட்டத் தொழிலாளி விரும்பாமலேயே அன்றாடம் பெற்றான்.

இங்கு ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழகச் சிற்றூர்கள் பலவற்றிலும் யாழ்ப்பாணத்திலும் ஊருக்குத் தொழில் செய்து ஊரால் படியளக்கப்பட்டவர் குடிமக்கள் எனப்பட்டனர். அவர்களுள்ளும் நாவிதரையே சிறப்பாகக் குடிமகன் என்றழைத்தனர். பிறந்த குழந்தைக்கு முதல் முடி இறக்குபவர் அவர். மணமகனுக்கு முகம் மழிப்பவர் அவர். இறப்பு வீட்டில் கொள்ளி வைப்பவனுக்குத் தலையும் மீசையும் களைபவரும் அவரே. அவர் வீட்டுப் பெண்டிர் பேறுகாலம் பார்த்தனர். அதனால் மருத்துவர் என்ற பெயரும் அக்குலத்துக்கு உண்டு. இத்துணைத் தேவையானவர் வாசற்படி தாண்டி உள்ளே வர இயலாதவராக இருந்தார். அவருக்கும் கீழே வைக்கப்பட்டோருக்கோ, அவர் கத்தியைத் தொடுவதே மறுக்கப்பட்டது. சவரத்தின் வழி சாதி எழுதப்பட்டது. எவன் முகத்தில் எந்தக் கத்தி படும் என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது.

இவ்வேற்றுமை கடலைக் கடந்தும் முற்றாகக் கரையவில்லை. ஆதிதிராவிடர் லயம் என்றும் மற்றையோர் லயம் என்றும் தோட்டக் குடியிருப்புகளில் பிரிவினை நிலவியது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தார். அதன்பின் தோன்றிய சீர்திருத்தச் சங்கங்கள் தோட்ட மக்களிடையே சாதி பேசுவதை நாணத்தக்கதாக்கின. 1946, 1947 ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்ததைக் கெடாவின் வரலாறு மறக்கவில்லை. ஆயினும் மேடையில் பேசப்பட்டதைவிட மெல்ல நகர்ந்து சாதியைத் தளர்த்தியது ஒரு சிறு எஃகுத் தகடு எனலாம். அமெரிக்கர் கிங் ஜில்லட் 1903ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த மாற்றுத்தகட்டுக் கத்தி நகரக் கடைகள் வழியே தோட்டத்துக்குள் வந்தபோது, ஒருவன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள முடிந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் மறுக்க வேண்டியதுமில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. குடிமகன் என்னும் பழைய சொல் புதிய பொருளில் பாடநூல்களில் ஏறியது. நாட்டின் உரிமை பெற்றவன் குடிமகன் என்று மாணவர் மனனம் செய்தனர். சொல்லுக்குக் கிடைத்த உயர்வு அச்சொல்லுக்கு உரியவர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயங்கள் கலைந்தன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கெடாவின் புக்கிட் சீடிம் அச்சங்கம் தொடக்கத்திலேயே வாங்கிய தோட்டம். குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர்களுக்கு 1969 முதல் வேலை உரிமம் தேவையாயிற்று. உரிமம் கிடைக்காதவர் பலர் தமிழகம் திரும்பினர். கூட்டத்தில் ஒருவராக அடைப்பத்தைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறியவர்களும் இருந்திருப்பர். ஊர் அவர்களைக் குடிமகன் என்றே அழைத்தது; அட்டை வேறு கூறியது.

எஞ்சியவர்கள் நகரத்துக்கு நகர்ந்தனர். மரநிழல் முடிதிருத்தும் நிலையமாயிற்று. சுழல் நாற்காலியும் பெரிய கண்ணாடியும் வந்தன. நகரத்துக் கடையில் வாடிக்கையாளரின் சாதியைக் கேட்பார் இல்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழர் கடை நாற்காலியில் அமர்ந்தனர். அக்குள் மயிரையும் மறைவிட மயிரையும் நாற்பது நாளுக்குமேல் வளரவிடலாகாது என்பது இசுலாமிய நெறி. ஆகவே உடல் மயிர் களைவதைத் தூய்மையாகக் கருதும் மக்கள் கெடாவில் தமிழரைச் சூழ்ந்தே வாழ்கின்றனர். இரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் பற்றிய அச்சம் 1980களில் பெருகியபின், தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய பழைய கத்தி ஓரங்கட்டப்பட்டு, ஒருவருக்கு ஒரு தகடு என்னும் முறை பரவியது.

இவ்வரலாறு முழுவதிலும் மயிர் மீண்டும் முளைக்கும் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அடியோடு ஒழிக்கும் முயற்சி மேனாட்டு மருத்துவரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல் 1875ஆம் ஆண்டில் அதற்கு வழி கண்டார். உள்நோக்கி வளர்ந்து விழியைக் குத்தும் இமைமயிரின் வேரில் மெல்லிய ஊசியைச் செருகி மின்னோட்டம் பாய்ச்சினார். வேர் அழிந்தது, மயிர் திரும்பவில்லை. மின்பகுப்பு முறை எனப்படும் இதுவே இன்றளவும் நிரந்தர நீக்கம் என்று ஒப்புக்கொள்ளப்படுவது. குறை ஒன்றே: ஒவ்வொரு மயிருக்கும் தனித்தனியே ஊசி குத்த வேண்டும். ஓர் ஆடவனின் முதுகை முடிக்க எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைக் கணக்குப் பாட ஆசிரியர் மாணவருக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

பொறுமையற்றவர் குறுக்கு வழி தேடினர். இரண்ட்கன் 1895இல் ஊடுகதிரைக் கண்டார். மறு ஆண்டே வியன்னா மருத்துவர் லியோபோல்ட் பிராய்ண்ட், முதுகில் மயிரடர்ந்த மச்சம் கொண்ட ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, முதுகு புண்ணாயிற்று. அப்புண்ணின் வடு அவள் முதுமை வரை நீங்கவில்லை. இந்த எச்சரிக்கை போதவில்லை. 1920களில் ஆல்பர்ட் கெய்சர் என்பார் 'டிரிக்கோ' என்ற ஊடுகதிர்ப் பொறியை அமெரிக்க அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். வலியில்லை, தழும்பில்லை, மயிர் என்றுமே திரும்பாது என்றனர். சில ஆண்டுகளில் தோல் சுருங்கியது. பின்னர்ப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் 'கோரெம்லு' என்ற களிம்பு விற்கப்பட்டது. அதில் இருந்தது தாலியம் என்னும் நஞ்சு. பூசியவர்களின் நரம்புகள் செயலிழந்தன. 1932ஆம் ஆண்டோடு அதன் விற்பனை முடிந்தது. இவற்றில் இறங்கியோருள் பெரும்பாலார் பெண்கள். ஆடவர் இன்று அதே ஆசையோடு புறப்படுவதால் அவர்களின் துன்பத்தை ஆடவரும் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்று பரவலாக வழங்குவது லேசர் ஒளி. தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை ஒளிரச் செய்தார். குறிப்பிட்ட அலைநீளமும் குறிப்பிட்ட கால அளவும் கொண்ட ஒளியால் சுற்றியுள்ள திசுவைக் காத்து, நிறமிகொண்ட இலக்கை மட்டும் சுடலாம் என்னும் கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் ஆகியோர் 1983இல் வெளியிட்டனர். 1990களின் நடுவில் அது மயிர் நீக்கத்துக்கு வந்தது. மயிரிலுள்ள கருநிறமி ஒளியை விழுங்கிச் சூடேறுகிறது. சூடு வேரைத் தாக்குகிறது. வளர்பருவத்தில் உள்ள மயிரே இவ்வாறு அழியும். உறங்கும் பருவத்து மயிர் தப்பும். அதனால்தான் சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கிறது. நரைமயிரில் நிறமி இல்லாமையால் லேசர் அதைத் தொடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசருக்கு அளித்த சொல் 'நிரந்தர நீக்கம்' அன்று, 'நிரந்தரக் குறைப்பு'. மயிரின் எண்ணிக்கை நெடுங்காலம் குறைந்து நிற்கும் என்பதே அதன் பொருள். இலக்கணம் கற்பிப்போர் இவ்விரு சொற்களின் வேறுபாட்டைக் கவனிக்கத் தவறார். விளம்பரம் எழுதுவோர் கவனிக்க விரும்பார்.

தமிழ் இளைஞனுக்கு இங்கேதான் இடர் தொடங்குகிறது. ஒளி தேடும் கருநிறமி அவன் மயிரில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. வெண்தோலுக்கு ஏற்ற 755 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கருந்தோலில் கவனமின்றிப் பாய்ச்சினால் தோலே வெந்துபோகும், கொப்புளம் எழும், கரும்புள்ளியோ வெண்புள்ளியோ மாதக்கணக்கில் நிற்கும். 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய என்.டி. யாக் லேசர் மேல்தோல் நிறமியைக் குறைவாகத் தாக்கி ஆழமாகச் செல்வதால் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர் கொள்கின்றனர். வீட்டில் பயன்படுத்த விற்கும் ஒளிக்கருவிகள் பலவற்றின் பெட்டியிலேயே மிகக் கரிய தோலுக்கு ஆகாது என்ற குறிப்பு உண்டு. மற்றொரு வியப்பும் உண்டு: தெற்காசியர் சிலருக்குத் தாடையிலும் கழுத்திலும், ஆடவர்க்கு மேல்முதுகிலும் தோளிலும், லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முன்பைவிட அதிகமாக மயிர் முளைப்பதுண்டு. ஒழிக்கப் போய் வளர்த்துவிட்டு வருதல் அது.

மலேசியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தனியார் மருத்துவ வசதிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவக் கருவிகளுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளன. அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவர் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்னும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ ஒரு நிலையத்துக்குள் நுழையும் இளைஞன் அச்சான்றைக் காட்டுமாறு கேட்கலாம். எந்த அலைநீள ஒளி, தன் தோலின் ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பார்களா என்றும் கேட்கலாம். அவன் பாட்டனார் சாணைக்கல்லில் கத்தி தீட்டும் ஓசையைக் கேட்டே அதன் கூர்மையை அறிந்தார். இவனுக்கு எதிரே உள்ள பொறி ஓசையில் ஒன்றும் தெரிவிப்பதில்லை.

முடிதிருத்தும் கடைகளோ வேறு சிக்கலில் உள்ளன. குலத்தொழிலைத் தம் பிள்ளைகள் தொடரவேண்டாம் என்று கடைக்காரர் பலர் நினைத்தனர். அதில் நியாயம் உண்டு. அவ்விடத்தை நிரப்பத் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைத்தனர். 2009ஆம் ஆண்டில் அதற்குத் தடை வந்தது. முடிதிருத்தகம், துணிக்கடை, பொற்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் 7,500 அயல்நாட்டுத் தொழிலாளரை அனுமதிப்பதாக 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கதவடைத்த கடைகள் உண்டு.

மார்பும் முதுகும் எப்படியாயினும், தாடியையும் மீசையையும் லேசரால் குறைத்துக்கொள்ள எண்ணும் இளைஞனுக்கு ஒரு நாள் வரும். தந்தையின் இறுதிச் சடங்கில் மீசை களைய அவன் அமரவேண்டியிருக்கும். களைவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆயினும் சடங்குக்குக் குடிமகன் வந்தாக வேண்டும். கெடாவின் நகரங்களில் அவரைத் தேடித்தான் இப்போது பலர் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கின்றனர்.